ஊத்திட்டேன் சிஸ்டர்

அரசு மருத்துவமனை ஒன்றின் ஆண்கள் மெடிக்கல் வார்டு. 40 கட்டிலுக்கு 52 நோயாளிகள், இரவு டியூட்டிக்கு நான் ஒருத்தி. காலை ஆறு மணிக்கு ஐ.ஓ. சார்ட்டைத் தூக்கிக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போவேன். ஐ.ஓ. என்றால் வேறொன்றுமில்லை. உடம்புக்குள் எவ்வளவு நீர் போனது, எவ்வளவு வெளியே வந்தது என்கிற வரவு செலவுக் கணக்கு. 17ஆம் கட்டிலில் இதயம் பலவீனமான ஒரு பெரியவர். கால் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தவர். மருமகள்தான் கூட இருந்தார்.

"யூரின் எவ்வளவும்மா போனாரு?"

"ஊத்திட்டேன் சிஸ்டர். நல்லாத்தான் போனாரு."

நான் 1200 என்று எழுதினேன்.

ஏன் 1200? முந்தைய நாள் கட்டத்தில் 1150 என்று இருந்தது, அதனால். அந்த 1150-ஐ எழுதியவரும் என்னைப் போலத்தான் எழுதியிருப்பார் என்பது அப்போது தோன்றவில்லை. நர்ஸிங் வேலையில் பொய் சொல்கிறோம் என்ற உணர்வே இல்லாமல் சொல்கிற பொய் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். மருந்து கொடுக்காமல் கொடுத்ததாக எழுத யாருக்கும் கை வராது. யூரின் அளவை மட்டும் கண்ணால் பார்க்காமலே ரவுண்டாக எழுதிவிடுவோம்.

அன்றும் மறுநாளும் ரவுண்ட்ஸில் அந்த எண்ணைப் பார்த்த டாக்டர், "யூரின் நல்லா போகுது, இதையே கன்டினியூ பண்ணுங்க" என்றார். இதையே என்றால் நீர் பிரிய ஃப்ரூஸ்மைடு ஊசி, கூடவே ஸ்பைரனோலாக்டோன், எனலாபிரில் மாத்திரைகள், வேளைக்கு 15 மில்லி பொட்டாசியம் குளோரைடு சிரப். ஃப்ரூஸ்மைடு யூரினோடு பொட்டாசியத்தையும் இழுத்துக்கொண்டு போய்விடும், அதை ஈடுகட்டத்தான் சிரப். 15 மில்லியில் 20 மில்லிஈக்விவலன்ட் (உப்புகளை அளக்கிற அலகு) பொட்டாசியம் இருக்கிறது. யூரின் போனால் எல்லாம் சரி. போகவில்லை என்றால் உள்ளே போன பொட்டாசியம் உள்ளேயே தங்கும். மற்ற இரண்டு மாத்திரைகளும் அதை வெளியே விடாமல் பிடித்து வைக்கிற ரகம். வடிகாலை அடைத்துவிட்டுத் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் நாள் இரவு பதினொரு மணிக்குப் பெரியவர் கூப்பிட்டார். "காலு ரெண்டும் சொன்னபடி கேக்கல தாயி." நாடித்துடிப்பு 44. ஈ.சி.ஜி. எடுத்தேன். டி அலைகள், அதாவது ஒவ்வொரு துடிப்பின் முடிவிலும் வருகிற மேடுகள், ஒல்லியாக, கூராக, கூடாரம் அடித்த மாதிரி நின்றன. டியூட்டி டாக்டர் ஓடி வந்தார். ரத்தத்தில் பொட்டாசியம் 7.2. இயல்பாக 3.5-லிருந்து 5 வரை இருக்க வேண்டியது.

அடுத்த அரைமணி நேரத்தில் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன், வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்குப் பயன்படும். முதலில் 10 சதவீத கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லி, மானிட்டரைப் பார்த்துக்கொண்டே பத்து நிமிஷத்தில் மெதுவாக ஏற்றினேன். இது பொட்டாசியத்தை ஒரு புள்ளிகூடக் குறைக்காது. இதயத்துக்குக் குடை பிடிக்கும், அவ்வளவுதான். அந்தக் குடையும் அரைமணி, ஒரு மணி நேரத்துக்குத்தான். ஊசியைத் தள்ளத் தள்ள, மானிட்டரில் கூடாரங்கள் தணிவதைக் கண்ணால் பார்த்தேன். பிறகு 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது சர்க்கரைக் கரைசல், 100 மில்லியோடு ரெகுலர் இன்சுலின் 10 யூனிட். இன்சுலின் பொட்டாசியத்தை ரத்தத்திலிருந்து செல்லுக்குள் தள்ளும். சால்பியூட்டமால் மருந்தைப் புகையாக மூச்சில் இழுக்க வைக்கிற நெபுலைசேஷனும் அதையே செய்யும். ஆனால் இவை எல்லாமே ஒளித்து வைக்கிற வேலை. உடம்பை விட்டு வெளியேற்ற யூரின் வர வேண்டும், இல்லையென்றால் டயாலிசிஸ்.

ஒன்றை மறக்கக் கூடாது. இன்சுலின் கொடுத்துப் பொட்டாசியம் இறங்கியதும் எல்லோரும் மூச்சு விட்டுக்கொண்டு கலைந்துவிடுவார்கள். கிட்னி வேலை செய்யாதவரின் உடம்பில் இன்சுலின் வழக்கத்தைவிட நெடுநேரம் நிற்கும், டெக்ஸ்ட்ரோஸோ சீக்கிரம் கரைந்துவிடும். மணிக்கொரு தரம் விரலில் குத்தி சர்க்கரை பார்க்க வேண்டும், குறைந்தது ஆறு மணி நேரத்துக்கு. அன்று மூன்றரை மணிக்குப் பெரியவரின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. சர்க்கரை 54-க்கு இறங்கியிருந்தது.

இதற்கிடையில் யூரின் வரக் கதீட்டர் குழாய் போட்டிருந்தார்கள். பையில் ஒரு மணி நேரத்துக்கு வந்தது 15 மில்லி. அவர் எடைக்கு முப்பதாவது வர வேண்டும். கிலோவுக்கு அரை மில்லி வீதம், மணிக்கணக்கில். டாக்டர் கேஸ் ஷீட்டைத் திருப்பி, "நேத்து வரைக்கும் 1200 போயிருக்கே?" என்றார்.

"அளக்கல சார். சும்மா எழுதினேன்."

"1150?"

"அதுவும் தெரியாது சார்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பெரியவருக்கு இரண்டு முறை டயாலிசிஸ் செய்து, கிட்னி திரும்ப வேலை செய்ய ஆரம்பித்து, பதினோராம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனார். இது நடந்து பல வருஷமாகிறது. அந்த இடத்தில் இப்போது நான் வேலை பார்க்கவில்லை. அதற்கப்புறம் அளக்காத யூரினை நான் எழுதியதில்லை. "அளக்கவில்லை" என்று எழுதுவேன். வெறும் கட்டத்தைப் பார்த்தால் டாக்டர் ஏதாவது கேள்வி கேட்பார். பொய் எண்ணைப் பார்த்தால் கேட்க மாட்டார்.

நம் வார்டுகளில் அளப்பது எப்படி என்று நர்ஸிங் பாடப்புத்தகத்தில் இருக்காது. ரெண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் குறுக்கே வெட்டி அதில்தான் பிடிப்பார்கள். நான் அந்த பாட்டிலிலேயே 100, 200 என்று மார்க்கரால் கோடு போட்டுக் கொடுத்துவிடுவேன். 50 மில்லி சிரிஞ்சால் தண்ணீர் ஊற்றிப் பார்த்துக் கோடு போட இரண்டு நிமிஷம் ஆகும். வரவுப் பக்கத்துக்கும் இதே கதைதான். "மூணு டம்ளர் கஞ்சி குடிச்சாரு" என்றால், டம்ளரைக் காட்டச் சொல்வேன். ஒரு வீட்டு எவர்சில்வர் டம்ளர் 150 மில்லி பிடிக்கும், இன்னொரு வீட்டுச் சொம்பை டம்ளர் என்பார்கள், அது 400. ரசம், மோர், இளநீர், மாத்திரை விழுங்கக் குடித்த தண்ணீர், ஆன்டிபயாடிக் கலந்து ஏற்றிய 100 மில்லி பாட்டில் எல்லாம் வரவுதான். கடைசியில் சொன்னதைப் பாதிப் பேர் விட்டுவிடுவார்கள். ஒரு நாளைக்கு ஆறு ஊசி என்றால் 600 மில்லி கணக்கில் வராமலே போய்விடும். செலவுப் பக்கத்தில் வியர்வையும் மூச்சும் யார் கண்ணுக்கும் தெரியாது. சாதாரண நாளிலேயே 500-லிருந்து 800 மில்லி வரை அப்படிப் போகும். காய்ச்சல் அடித்தால், மே மாதக் கத்திரியில் ஃபேன் ஓடாத மூலைக் கட்டிலில் கிடந்தால், இன்னும் கூடும்.

இத்தனை ஓட்டை இருக்கிற கணக்கைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. எடை. ஒரே மெஷின், ஒரே நேரம், காலையில் யூரின் போன பிறகு, சாப்பிடும் முன். ஒரே நாளில் ஒரு கிலோ கூடினால் அது சதை இல்லை, ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர். 17ஆம் கட்டில் பெரியவரை அடுத்தடுத்து இரண்டு நாள் எடை பார்த்திருந்தாலே என் 1200 அங்கேயே அகப்பட்டிருக்கும்.

பெண்கள் வார்டுக்கு மாறிய பிறகு நடந்தது இது. கத்திரி வெயில் சமயம். 70 வயதைத் தாண்டிய ஒரு பாட்டியை மகன் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டு நாளாகச் சம்பந்தமில்லாமல் பேசுகிறார், செத்துப்போன தங்கச்சியைக் கூப்பிடுகிறார், ஏதோ பிடித்திருக்கிறது என்று மந்திரிக்கக் கூட்டிப்போய் வந்திருந்தார்கள். கையில் தாயத்து. பையில் ரத்தக்கொதிப்பு மாத்திரை அட்டை, அதில் யூரினோடு சோடியத்தையும் வெளியேற்றுகிற தயசைடு வகை நீர்மாத்திரை சேர்ந்திருந்தது. வெயில் என்று சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்திருக்கிறார், சோறு சரியாக இறங்கவில்லை. சோடியம் 108. இயல்பு 135-லிருந்து 145.

"ரத்தத்துல உப்பு கொறைஞ்சிருக்குப்பா" என்றேன் மகனிடம். அவர் குழம்பிப்போனார். "போன மாசம் இன்னொரு ஆஸ்பத்திரியில உப்பு கூடியிருக்குன்னு சொன்னாங்களே சிஸ்டர்?"

இந்தக் குழப்பம் நம் ஊருக்கே உரியது. கிட்னிக் கழிவுகளான கிரியேட்டினின், யூரியா கூடினாலும் நாம் "கிட்னியில உப்பு கூடிருச்சு" என்றுதான் சொல்கிறோம். சோடியம் குறைந்தாலும் உப்பு. ஆக அந்த மகன், உப்பு கூடிவிட்டது என்று கேட்டுவிட்டு, ஒரு மாதமாக அம்மாவுக்கு உப்பில்லாத சாப்பாடு போட்டிருக்கிறார். அன்றிலிருந்து நோயாளி வீட்டாரிடம் நான் வெறும் உப்பு என்று சொல்வதே இல்லை. சோறில் போடுகிற உப்பு என்றோ, கிட்னிக் கழிவு என்றோ பிரித்துச் சொல்கிறேன். அதே போல "லோ சோடியம்" உப்பு வாங்கிப் போடுகிறவர்களையும் நிறுத்திக் கேட்பேன். அதில் சோடியத்துக்குப் பதிலாகக் கணிசமான பங்கு பொட்டாசியம் குளோரைடு. நல்ல கிட்னிக்குக் கவலையில்லை, கெட்டுப்போன கிட்னிக்கு 17ஆம் கட்டில் கதைதான். இளநீரும் அப்படியே. வயிற்றுப்போக்குக்கு நல்லது என்று பேர் வாங்கிய அதே இளநீர், பொட்டாசியம் நிறைந்திருப்பதால்தான் டயாலிசிஸ் நோயாளிக்கு ஆகாது.

பாட்டிக்கு மாலை ஐந்து மணிக்கு 3 சதவீத சலைன், அதாவது அடர்த்தியான உப்புக் கரைசல், 100 மில்லி கொடுத்தோம். ஒன்பது மணிக்கு சோடியம் 112. பெயர் கேட்டால் சொன்னார். மகனுக்குத் தலைகால் புரியவில்லை. "இன்னொரு பாட்டில் வேகமா ஏத்தினா ராத்திரியே சரியாயிடுவாங்கல்ல?" என்றார். அவருக்கு நான் சொன்ன விளக்கம் இதுதான். சோடியம் மெல்ல மெல்லக் குறைந்தபோது மூளையின் செல்கள் வீங்கிவிடாமல் இருக்கத் தங்களிடம் இருந்த சரக்கையெல்லாம் வெளியே எறிந்து பழகிக்கொண்டன. இப்போது நாம் திடீரென்று ஏற்றினால் தண்ணீர் அவற்றிலிருந்து உறிஞ்சப்பட்டு, நரம்பின் உறை கழன்றுவிடும். இன்றைக்கு எழுந்து உட்கார்ந்து பேசுவார், நாலு நாள் கழித்து விழுங்க முடியாது, பேச முடியாது, கை கால் அசையாது. அதனால்தான் 24 மணி நேரத்தில் 8 புள்ளிக்கு மேல் ஏற்றக் கூடாது என்று கணக்கு.

இரவு ஒரு மணிக்கு யூரின் பையைப் பார்த்தேன். அதற்குள் நிறையச் சேர்ந்திருந்தது. பன்னிரண்டு மணிக்குத்தான் காலி செய்திருந்தேன். ஒரு மணி நேரத்தில் 350 மில்லி, நிறமே இல்லாமல் குழாய்த் தண்ணீர் மாதிரி. பழைய நானாக இருந்திருந்தால், நல்லா போகுது என்று சந்தோஷப்பட்டிருப்பேன். இங்கே நல்லா போவதுதான் ஆபத்து. மாத்திரை நின்று, உடம்பு தெளிந்து, தேங்கியிருந்த தண்ணீரைக் கிட்னி ஒரேயடியாகக் கொட்ட ஆரம்பித்தால், நாம் ஒரு சொட்டு சலைன் ஏற்றாமலே சோடியம் எகிறும். டாக்டரை எழுப்பினேன். ரத்தம் அனுப்பி, இரண்டு மணிக்கு வந்த எண் 117. ஒன்பது மணி நேரத்தில் 9 புள்ளி. உடனே 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் போட்டு, யூரினைக் குறைக்கிற டெஸ்மோபிரெசின் கொடுத்து, ஏறியதைப் பிடித்து நிறுத்தினார்கள். காலையில் 115. சோடியத்தை வேண்டுமென்றே இறக்குவதைப் பார்த்து வீட்டாருக்குப் பயங்கரக் கோபம். ஆறு நாளில் 131-க்கு வந்து, தாயத்தோடு வீட்டுக்குப் போனார் பாட்டி.

பொட்டாசியம் ஆம்பியூல் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 10 மில்லி, பார்க்க டிஸ்டில்டு வாட்டர் ஆம்பியூல் மாதிரியே இருக்கும். உள்ளே 20 மில்லிஈக்விவலன்ட். நீர்க்காமல் நேராக நரம்பில் போட்டால் இதயம் நின்றுவிடும், இதில் இரண்டாவது பேச்சே இல்லை. எங்கள் வார்டில் அது தனி டப்பாவில், சிவப்பு டேப் ஒட்டி, பூட்டு போட்ட அலமாரியில் இருக்கிறது. சாதாரணக் கை நரம்பில் மணிக்கு 10 மில்லிஈக்விவலன்டுக்கு மேல் போகக் கூடாது. 500 மில்லி பாட்டிலில் ஒரு ஆம்பியூல் போட்டு நாலு மணி நேரத்துக்கு விட்டால், ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழுகிற செட்டில் நிமிஷத்துக்கு 42 சொட்டு. அதிகம் பேர் செய்யும் தவறு வேறு ஒன்று. தொங்கிக்கொண்டிருக்கிற பாட்டிலில் அப்படியே ஊசியைக் குத்தி ஆம்பியூலை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பொட்டாசியம் கனமானது, அடியில் குழாய் வாய்ப் பக்கம் போய் உட்காரும். முதல் கால்மணி நேரம் நோயாளிக்குள் போவது கிட்டத்தட்ட நீர்க்காத மருந்து. பாட்டிலை இறக்கி, கலந்து, நாலைந்து தடவை கவிழ்த்துக் குலுக்கிவிட்டுத்தான் தொங்கவிட வேண்டும். ஏறும்போது நோயாளி "கை எரியுதும்மா" என்றால் நடிக்கவில்லை. வேகத்தைக் குறையுங்கள், ஊசி வெளியே போயிருக்கிறதா பாருங்கள்.

ரத்தம் எடுப்பதிலும் எண்கள் பொய் சொல்லும். டிரிப் ஓடுகிற கையில், ஊசிக்கு மேலே குத்தி எடுத்தால் லேப் சொல்வது பாட்டிலில் இருப்பதை, நோயாளியை அல்ல. டூர்னிக்கெட்டை இறுக்கிக் கட்டி, கையை மூடித் திறக்கச் சொல்லி, மெல்லிய ஊசியில் உறிஞ்சி, குப்பியில் பீய்ச்சி அடித்தால் சிவப்பணுக்கள் உடைந்தும், கைத்தசையிலிருந்து கசிந்தும் பொட்டாசியம் கூடிக் காட்டும். ரத்த அணுக்களை எண்ணும் சி.பி.சி. பரிசோதனைக்கு எடுக்கிற ஊதா மூடிக் குப்பியிலிருந்து கொஞ்சத்தை வேறு குப்பிக்கு ஊற்றி ஒப்பேற்றுவது அதைவிட மோசம். ரத்தம் உறையாமல் இருக்க அந்தக் குப்பியில் போட்டிருக்கிற ஈ.டி.டி.ஏ.-வே பொட்டாசிய உப்பு. பொட்டாசியம் எகிறி, கால்சியம் பாதாளத்தில் காட்டும். நோயாளி நன்றாக உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்க, ரிப்போர்ட் 8 என்றால், ஈ.சி.ஜி. எடுத்துக்கொண்டே மறுபடி ரத்தம் அனுப்புங்கள்.

அமில கார விஷயத்துக்கு வருகிறேன். தமனி ரத்தத்தில் அமிலத்தையும் வாயுக்களையும் அளக்கிற ஏ.பி.ஜி. ரிப்போர்ட்டைக் கண்டால் பயந்து ஒதுங்கியவள்தான் நானும். பயத்தைப் போக்கியது ஒரு கல்லூரிப் பையன். 19 வயது, வீசிங் என்று சொல்லிச் சேர்த்திருந்தார்கள். மூச்சு வேகமாகவும் இருந்தது, ஆழமாகவும் இருந்தது, ஓடிவிட்டு வந்தவன் மாதிரி. ஆனால் நெஞ்சில் விசில் சத்தம் இல்லை, ஆக்சிஜன் 99. குனிந்து பக்கத்தில் போனால் அழுகப்போகிற பழத்தின் வாடை. சர்க்கரை பார்த்தேன், மெஷினில் எண் வரவில்லை, "ஹை" என்று வந்தது. பி.ஹெச். 7.08. ரத்தத்தில் அமிலம் கூடிவிட்டது, கார்பன் டை ஆக்சைடை வெளியே தள்ளித் தள்ளி உடம்பு ஈடுகட்டப் பார்க்கிறது. அவனுக்கு நுரையீரலில் ஒரு கோளாறும் இல்லை. இன்சுலின் பற்றாக்குறை செய்த கலாட்டாவுக்கு நுரையீரல் தண்டம் கட்டிக்கொண்டிருந்தது.

சலைன் ஓட ஆரம்பித்ததும் இன்சுலின் போட எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். பொட்டாசியம் ரிப்போர்ட் வரட்டும் என்று டாக்டர் நிறுத்தினார். வந்தது 3.0. இது 3.5-க்குக் கீழே இருந்தால் முதலில் பொட்டாசியம், பிறகுதான் இன்சுலின். அமிலம் கூடும்போதும் இன்சுலின் இல்லாதபோதும் பொட்டாசியம் செல்லைவிட்டு ரத்தத்துக்கு வந்து நிற்கும். அப்படி வந்து நின்றும் 3 தான் என்றால் உடம்பில் கையிருப்பே இல்லை என்று அர்த்தம். அந்த நிலையில் இன்சுலின் போட்டால் மிச்சமும் உள்ளே போய், சர்க்கரை இறங்குகிற அழகைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இதயம் தடுமாறும்.

இதற்கு எதிர்ப்பக்கம் நிஜ ஆஸ்துமா. மூச்சு வாங்குகிறவருக்குக் கார்பன் டை ஆக்சைடு குறைந்திருக்க வேண்டும். அது 40, நார்மல் என்று வந்தால் பெருமூச்சு விடாதீர்கள். களைத்துப்போய்க்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம், அடுத்த கட்டம் வென்டிலேட்டர். ஏ.பி.ஜி. எடுத்த சிரிஞ்சில் காற்றுக்குமிழி இருந்தால் உடனே வெளியேற்றுங்கள், எத்தனை லிட்டர் ஆக்சிஜனில் எடுத்தீர்கள் என்று சீட்டில் எழுதுங்கள், மணிக்கட்டை முழுசாக ஐந்து நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். கூட இருப்பவரைப் பிடிக்கச் சொல்லிவிட்டுப் போனால் ஒரு நிமிஷத்தில் திறந்து பார்ப்பார், மணிக்கட்டு வீங்கிவிடும்.

ஓ.ஆர்.எஸ். பற்றிப் படித்தவர்களுக்கே தெரியாதது ஒன்று உண்டு. பாக்கெட்டைப் பாதி கிழித்து ஒரு டம்ளரில் கலப்பதுதான் நம் வீடுகளில் வழக்கம். லிட்டர் பாக்கெட் என்றால் முழு பாக்கெட்டும் ஒரு லிட்டர் தண்ணீரில், ஒரே தடவையில் கலக்க வேண்டும், 24 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிட வேண்டும். கெட்டியாகக் கலந்தால் குழந்தைக்குச் சோடியம் ஏறி வலிப்பு வரலாம். குடலில் சர்க்கரை போகும்போது சோடியத்தையும் தோளில் ஏற்றிக்கொண்டு போகிறது, பின்னாலேயே தண்ணீரும் போகிறது. அந்த விகிதம் கெட்டால் வேலை செய்யாது. 1971-ல் வங்கதேச அகதிகள் வந்து குவிந்த மேற்கு வங்கத்தின் பன்கான் முகாமில், காலரா நோயாளிகளுக்கு ஏற்றச் சலைன் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மகாலனபிஸ் இதே மாதிரி உப்பு சர்க்கரைக் கரைசலைப் பீப்பாய்களில் கலந்து, நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கையிலேயே கொடுத்துக் குடிக்க வைத்தார். நர்ஸும் குறைவு, டிரிப்பும் குறைவு. கூட இருப்பவர்களைச் சரியாகப் பழக்கினால் எவ்வளவு நடக்கும் என்று அங்கே தெரிந்தது.

அதனால்தான் இப்போது வார்டுக்குப் புதிதாக ஒருவர் அட்மிஷன் ஆனதும், கூட வந்தவர் யார் என்று கேட்டு, கோடு போட்ட பாட்டிலையும் ஒரு நோட்டுத்தாளையும் முதலில் அவர் கையில் கொடுக்கிறேன். எழுதத் தெரியாதவர்கள் ஒரு கோட்டுக்கு ஒரு புள்ளி வைத்துக் காட்டுவார்கள், அது போதும். பாத்ரூம் கதவில் ஒரு லிட்டர் அளவு ஜாடி ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். என் கைக்காசில் வாங்கியது. இரண்டு தடவை காணாமல் போய், இது மூன்றாவது.